கடவுளின் கையெழுத்து

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களைச் சேர்ந்த கிராமங்களில் நமது தோழர்கள் பிரசாரத்துக்குப் போகும் இடங்களிலெல்லாம், கூட்டம் முடிகிற தறுவாயில் ஒரு கேள்வி தவறாமல் எழுப்பப்படுகிறது. "கடவுள் இல்லை, இல்லை என்கிறீர்களே, கடவுள் தாமே வெளிப்பட்டு அருளிய வேதம் இருக்கிறது, பைபிள் இருக்கிறது, குர்ஆன் இருக்கிறது, அடியார்களுக்குக் காட்சி கொடுத்த கதைகள் இருக்கின்றன, இத்தனையும் பொய்யா?" என்பதே அது. கேட்பவர்கள் பெரும்பாலும் வீம்புக்குக் கேட்பவர்களல்லர். உழைத்துப் பிழைக்கிறவர்கள், பெரியவர்கள் சொன்னதை நம்பி வந்தவர்கள். ஆகையால் அவர்களுக்குப் பரிகாசமாக ஒரு பதில் சொல்லிவிட்டுப் போவது சரியல்லவென்று கருதி இவ்வாரம் இதைப்பற்றியே எழுதுகிறோம்.

கடவுள் உண்டா இல்லையா என்கிற வழக்கை இன்று நாம் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. வாதத்துக்காக ஒருவர் இருக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அவர் சர்வ வல்லமையும் சர்வ ஞானமும் உடையவர், நம்மிடத்தில் கருணையும் உடையவர், மனிதன் எப்படி நடக்கவேண்டும் என்பதைத் தாமே சொல்ல ஆசைப்பட்டார் என்பதையும் ஒப்புக்கொள்வோம். நாம் கேட்பது ஒன்றே. அப்படிப்பட்டவர், கேட்பவர்களுக்குச் சந்தேகம் வராதபடி ஒரு சங்கதியைச் சொல்ல நினைத்தால், அதைச் சொல்லுகிற முறை இதுதானா?

வெகுதூரம் போகவேண்டாம். பாகூருக்கே போவோம். ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் என்ற பல்லவ அரசன், பாகூரில் நடந்துவந்த ஒரு வித்தியாஸ்தானத்துக்கு, அதாவது கல்விச்சாலைக்கு, மூன்று கிராமங்களை விட்டுக்கொடுத்தான். சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்பன அவை. அங்கே படித்தவர்கள் யார், படிப்பித்தது என்ன, அந்தக் கல்வியில் நம் பாட்டன்மாருக்கு ஒரு எழுத்தாவது கிடைத்ததா என்பதெல்லாம் வேறு கதை. அது நிற்க. அரசன் அந்தத் தானத்தை எப்படிச் செய்தான் என்பதை மட்டும் பாருங்கள். வாயால் சொல்லிவிட்டுப் போகவில்லை. நடு இரவில் ஒரு ஆட்டிடையன் காதில் ஓதிவிட்டு மறையவில்லை. செம்பிலே வெட்டுவித்தான். வடமொழியில் ஒருமுறை, ஊரார் அறியத் தமிழில் ஒருமுறை, இரண்டு மொழியிலும் வெட்டுவித்தான். கொடுத்தது யார், கேட்டுக்கொண்டவர் யார், வாங்கியவர் யார், எல்லை எது என்று எழுதுவித்தான். எல்லையில் கல்லும் கள்ளியும் நட்டு அடையாளம் செய்வது அக்கால வழக்கம். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்தச் செப்பேட்டை இன்று எவரும் படித்துப் பார்க்கலாம், அச்சிலும் வந்துவிட்டது. நிருபதுங்கவர்மன் மூன்று கிராமம் கொடுத்தானா என்று சண்டையிட்டு எந்த நாட்டிலும் ஒருவன் மண்டையும் உடையவில்லை.

மூன்று கிராமத்துக்கு இவ்வளவு ஜாக்கிரதை!

இன்னொன்று, நம் தாத்தாக்கள் காலத்தது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்து புதுவை நாடு இந்தியாவோடு சேருவதா என்ற பிரச்சினை வந்தபோது, 1954ம் வருஷம் அக்டோபர் 18ந் தேதி, வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் ஜனப்பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். சேரலாம் என்று 170 பேரும், கூடாதென்று 8 பேரும் ஓட்டுக் கொடுத்தார்கள். அந்த எட்டுப் பேருடைய ஓட்டும் மறைக்கப்படவில்லை, கணக்கில் ஏறியது. நவம்பர் 1ந் தேதி நிர்வாகம் கைமாறிற்று. அப்போதும் போதாதென்று 1956ல் இரண்டு சர்க்காரும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, 1962 ஆகஸ்டு 16ந் தேதி அது முறைப்படி அமுலுக்கு வந்தது. ஒரு சிறு நாட்டின் கொடி மாறுவதற்கே இத்தனை சாட்சி, இத்தனை காகிதம், எட்டு வருஷக் காலம். உலகத்திலுள்ள மனிதர் அத்தனை பேரும் மோட்சத்துக்குப் போவதா, நரகத்துக்குப் போவதா என்கிற பத்திரத்துக்கோ, ஒரு சாட்சி! அந்தச் சாட்சியும் தனியே மலைக்குப் போனபோது, அல்லது குகையில் இருந்தபோது, அல்லது தூங்கினபோது கண்டது! நொத்தேர் ஆபீசில் அரைக்காணி நிலப் பத்திரத்தைக்கூட இந்த லட்சணத்தில் கொண்டுபோனால் பதிவு செய்வார்களா என்று கேட்கிறோம்.

"கடவுள் எழுதியும் கொடுத்திருக்கிறாரே" என்று சைவ அன்பர்கள் சொல்லக்கூடும். ஆம், நாமும் கேள்விப்பட்டிருக்கிறோம். புதுவைப் பட்டணத்திலேயே அம்பலத்தாடையார் மடத்தில் ஒரு வெள்ளிப் பெட்டி இருக்கிறதென்றும், அதனுள் சிதம்பரம் நடராஜர் தமது கையாலேயே எழுதிய திருவாசக ஏடு இருக்கிறதென்றும், சிவராத்திரியன்று ஜனங்கள் போய்க் கும்பிடுகிறார்கள் என்றும் சொல்லுகிறார்கள். புராணக் கதையும் எல்லோருக்கும் தெரிந்ததே. ஒரு கிழவர் வேஷத்தில் கடவுள் வந்தாராம். மாணிக்கவாசகரைப் பாடல்களைச் சொல்லச் சொல்லி ஓலையில் எழுதிக்கொண்டாராம். முடிவில் திருச்சிற்றம்பலமுடையான் எழுத்து என்று கையெழுத்தும் போட்டு, கோயில் படியில் வைத்துவிட்டு மறைந்தாராம். தில்லைவாழ் அந்தணர்கள் ஏட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பாட்டுக்குப் பொருள் கேட்டபோது, மாணிக்கவாசகர் நடராஜரைச் சுட்டிக் காட்டிவிட்டு அவரும் மறைந்துவிட்டாராம். எழுதினவரும் போனார், சொன்னவரும் போனார். ஏடும் பூசை செய்பவர்களுமே மிச்சம்.

இதை நிஜமென்றே வைத்துக்கொண்டு யோசியுங்கள், தோழர்களே. உலகத்தைப் படைத்தவர் தமிழ்நாட்டில் ஒரே ஒரு தடவை எழுத்தாணியைக் கையில் பிடித்தார். பிடித்தவர் தமது சொந்தச் சரக்காக என்ன எழுதினார்? கையெழுத்தைத் தவிர ஒன்றுமில்லை! ஒரு மனிதன் பாடினதைக் குமாஸ்தாவைப்போல நகல் எடுத்தார். 'ஜாதி வேண்டாம்' என்று ஓரத்தில் ஒரு வரி சேர்த்திருக்கலாமே. 'தீண்டாமை எனக்குச் சம்மதமில்லை' என்று கையெழுத்துக்கு மேலே ஒரு வரி போட்டிருந்தால், ஆயிரம் வருஷமாகச் சேரியில் கிடந்த ஜனங்களுக்கு எவ்வளவு பெரிய ஆதாரமாயிருக்கும்! திருவாசகத்தின் தமிழ் இனிய தமிழ் என்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்தப் பெருமை அதைப் பாடிய தமிழனுக்கே உரியது, நகல் எடுத்தவருக்கல்ல.

எழுதினதையாவது பத்திரமாகக் காப்பாற்றத் தெரிந்ததா? தேவார ஏடுகள் சிதம்பரத்தில் ஒரு அறையில் பூட்டிக் கிடந்து, திறந்து பார்த்தபோது பெரும்பகுதி செல்லரித்துப் போயிருந்தது என்று சைவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். 'இக்காலத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்துவிட்டு மற்றதைப் போக்கினோம்' என்ற கருத்தில் அசரீரி கேட்டதாம். செல்லுக்கு வக்காலத்து வாங்குகிற அசரீரி! பல்லவ அரசனுக்குச் செம்பு கிடைத்தது. பரமசிவனுக்குப் பனையோலைதான் கிடைத்தது போலும்.

வேதத்தின் கதை இதைவிட விசித்திரம். அது எழுதாக் கிளவி, யாராலும் செய்யப்படாதது, ரிஷிகள் கேட்டுச் சொன்னது என்கிறார்கள். நல்லது. எல்லோருக்கும் தந்தையாகிய கடவுளின் வாக்கென்றால் எல்லோரும் கேட்கவேண்டியதுதானே நியாயம்? ஆனால் அதைக் கேட்கிற சூத்திரனுடைய காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றச் சொல்லுகிறது கௌதம தர்ம சூத்திரம். பிரம்ம சூத்திரத்துக்கு உரை எழுதிய சங்கரர் அந்த விதியை ஆதாரமாக எடுத்துக் காட்டியிருக்கிறார். தபால்காரன் கடிதத்தைக் கொண்டுவந்து, விலாசதாரன் பிரித்துப் பார்த்தால் கண்ணைக் குத்துவேன் என்றால், அந்தக் கடிதத்தை எழுதியது யாரென்று நாம் சந்தேகப்படவேண்டுமா வேண்டாமா?

கிறிஸ்தவ அன்பர்கள் இதைப் படித்துச் சிரித்துவிட்டுப் போய்விட வேண்டாம். வில்லியனூரில் திருக்காமேசுவரர் கோயிலும் இருக்கிறது, சுல்தான்பேட்டையில் பள்ளிவாசலும் இருக்கிறது, லூர்து மாதா கோயிலும் இருக்கிறது. மாதா அங்கே வந்து சேர்ந்த வரலாறு நம் கேள்விக்கு நேரான உதாரணம். 1858ல் பிரான்சு தேசத்து லூர்து என்ற மலையடி ஊரில், பெர்னதெத் என்ற பதினான்கு வயதுச் சிறுமிக்கு, பிப்ரவரி 11 முதல் ஜூலை 16 வரை பதினெட்டுத் தடவை மாதா தரிசனம் கொடுத்ததாகச் சொல்லப்படுகிறது. இருபது வருஷத்துக்குள் வில்லியனூரில் கோயில் கட்டப்பட்டு, பிரான்சிலிருந்து சுரூபமும் கப்பலில் வந்துவிட்டது.

அந்தச் சிறுமி பொய் சொன்னாள் என்று நாம் சொல்லவில்லை. ஏழை மாவு மில்காரன் மகள். அவள் எதையோ கண்டதாக மனதார நம்பியிருக்கலாம். ஆனால் மார்ச் 4ந் தேதி ஆயிரக்கணக்கான ஜனங்கள் அந்தக் குகைக்கு முன்னே கூடி நின்றார்களே, அவர்கள் கண்டது என்ன? முழந்தாளிட்ட ஒரு சிறுமியைக் கண்டார்கள்; வேறொன்றும் காணவில்லை. அத்தனை பேர் கண்ணுக்கும் தெரிவது மாதாவுக்கு முடியாத காரியமா? அந்த ஊர்ப் பாதிரியார் பெய்ரமால் நம்மைவிடச் சாமானியப்பட்டவரல்லர். அவரே அந்தப் பெண்ணிடம், "அந்த அம்மாள் தன் பெயரைச் சொல்லட்டும், குகையிலிருக்கிற ரோஜாச் செடியைக் குளிர்காலத்தில் பூக்கவைக்கட்டும், நம்புகிறேன்" என்ற பொருள்படச் சொல்லியனுப்பினார். சுயமரியாதைக்காரன் கேட்கிற கேள்வியைத்தான் பாதிரியாரும் கேட்டிருக்கிறார்! செடி பூக்கவில்லை. பெயர் மட்டும் வந்தது: நாமே அமல உற்பவம் என்று. அந்த அமல உற்பவம் என்கிற கோட்பாட்டை ரோமாபுரியில் போப்பாண்டவர் 1854லேயே பிரகடனம் செய்துவிட்டிருந்தார். நான்கு வருஷம் கழித்துப் பரலோகம் அதையே திருப்பிச் சொல்லிற்று. மேற்றிராணியார் கமிஷன் வைத்து விசாரித்து 1862ல்தான் ஒப்புக்கொண்டார். இன்றைக்கும் லூர்துக் காட்சியை நம்பித்தான் தீரவேண்டும் என்று கத்தோலிக்க சபை யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. சபைக்கே இல்லாத கட்டாயம் நமக்கு எங்கிருந்து வந்தது?

இதே 1854ம் வருஷத்தைப்பற்றி இன்னொரு சங்கதி. அந்த வருஷத்தில் லண்டனில் ஜான் ஸ்நோ என்ற வைத்தியர், காலரா கண்டவர்களின் வீடுகளைத் தெருத்தெருவாகக் கணக்கெடுத்து, ஒரு குழாய்க் கிணற்றுத் தண்ணீரால்தான் அது பரவிற்றென்று காட்டினார். 1884ல் ராபர்ட் கோக் கல்கத்தாவுக்கு வந்து, குளத்துத் தண்ணீரிலேயே காலராக் கிருமியைக் கண்டு காட்டினார். நம் கிராமங்களில் வாந்திபேதி வந்து வீடு வீடாகப் பிணம் விழுந்த காலத்தை நம் பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இப்போது யோசித்துப் பாருங்கள். வேதம், புராணம், பைபிள், குர்ஆன், ஆகமம் ஆகிய இத்தனையிலும் ஏதாவது ஒரு மூலையில், 'தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். கண்ணுக்குத் தெரியாத பூச்சி அதில் இருக்கிறது' என்று ஒரே ஒரு வரி இருந்திருந்தால்? எத்தனை கோடி உயிர் தப்பியிருக்கும்! பூதக்கண்ணாடி வந்த அன்றே, அந்த வரியை எழுதினவன் மனிதனாயிருக்க முடியாது என்று நம்மைப் போன்றவர்களும் ஒப்புக்கொண்டு கும்பிட்டிருப்போமே! சர்வ ஞானியின் வாக்கிலே எந்த மிருகத்தை எந்தத் திசை பார்த்துப் பலியிடுவது என்பதற்கு இடமிருந்தது, இதற்கு இடமில்லை. 1854ல் தெரியவந்த இரண்டு விஷயங்களில், ஒன்றை உறுதிப்படுத்தத்தான் வானத்திலிருந்து ஆள் வந்தது. வந்த அம்மாளும் ஊற்று நீரைக் குடிக்கச் சொன்னாளாம், காய்ச்சச் சொல்லவில்லை.

லூர்தில் நோய் தீர்ந்ததென்று கோடிக்கணக்கானவர்கள் போய் வந்ததில், சபை அற்புதமென்று ஒப்புக்கொண்டது எழுபதுக்குச் சற்று மேல்தான். அங்கே தொங்கவிடப்பட்டிருக்கும் ஊன்றுகோல்களைப் பார்த்துவந்த அனதோல் பிரான்ஸ் என்ற பிரெஞ்சு எழுத்தாளரிடம் அவருடைய நண்பர் ஒருவர், ஒரே ஒரு மரக்கால் இங்கே தொங்கினால் இன்னும் பொருத்தமாயிருக்கும் என்றாராம். வெட்டுண்ட கால் முளைத்ததாக ஒரு கேஸும் இல்லை.

தொமையார் கதையும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. இயேசு உயிர்த்தெழுந்ததை மற்றச் சீடர்கள் சொன்னபோது, காயத்தில் விரலை விட்டுப் பார்த்தாலொழிய நம்பமாட்டேன் என்றார் அவர். உடனே நரகமா கிடைத்தது? இல்லை. காயத்தைக் காட்டி, தொட்டுப் பார் என்று சொன்னதாகச் சுவிசேஷமே சொல்லுகிறது. அந்தத் தொமையாரே பிறகு மயிலாப்பூருக்கு வந்ததாக ஐதீகம். தொட்டுப் பார்த்து நம்பினவர் வந்து, தொடாமலே நம்புங்கள் என்று நம்மவர்களுக்குச் சொன்னாராம்! அவருக்குக் கொடுத்த வாய்தாவை எங்களுக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம். மெக்காவாசிகளும் இப்படியே, வானத்திலிருந்து நாங்களே படிக்கும்படி ஒரு புத்தகம் கொண்டுவா என்று கேட்டதாகவும், நான் தூதனாக வந்த மனிதன்தானே என்று பதில் கிடைத்ததாகவும் குர்ஆனிலேயே இருக்கிறது. ஆகவே இது நாத்திகர்கள் நேற்றுக் கிளப்பிய குதர்க்கமல்ல. எங்கெங்கே வெளிப்பாடு என்று ஒன்று வந்ததோ, அங்கங்கே முதல் நாளே புத்தியுள்ளவர்கள் கேட்ட கேள்வி. ஒருவனுக்கு வெளிப்பட்டது அவனுக்கு மட்டுமே வெளிப்பாடு, அவன் வாயால் கேட்கிற மற்றவர்களுக்கு அது வெறும் கேள்விச் சங்கதி என்று 1794ல் தாமஸ் பெயின் எழுதியதற்கு இதுவரை எந்த மதத்தாரும் நேரான பதில் சொன்னதாக நமக்குத் தெரியாது.

ஒரு பதில் சொல்லுகிறார்கள். படித்த பாதிரிமார்களும் சித்தாந்திகளும் சேர்ந்தே சொல்லுகிற பதில் அது. கடவுள் பட்டப்பகலில் எல்லோருக்கும் தெரியும்படி வந்து நின்றால், மனிதனுக்குச் சுதந்தரம் போய்விடுமாம்; பயத்தினால் எல்லோரும் யோக்கியர்களாகிவிடுவார்களாம்; ஆகையால் மறைந்திருந்து சோதிக்கிறாராம். யோக்கியர்களாகிவிட்டால் என்ன நஷ்டம் என்பது நமக்கு விளங்கவில்லை. அதிருக்கட்டும். சாராயம் குடலைக் கெடுக்கும், குடும்பத்தைக் கெடுக்கும் என்று தெரியாத குடிகாரன் புதுவை நாட்டில் எவனாவது உண்டா? நன்றாய்த் தெரிந்தே போகிறான். அவன் சுதந்தரத்துக்கு என்ன குறைவு? இவர்கள் சாஸ்திரத்தையே எடுத்துக்கொண்டாலும், சாத்தான் கடவுளை நேரில் கண்டவன், எதிர்த்தான். இராவணன் சிவனிடம் நேரில் வரம் வாங்கினவன். தன் இஷ்டப்படி நடந்தான். பஸ்மாசுரனோ வரம் கொடுத்தவர் தலையிலேயே கைவைக்கப் போனான். அசுரன் தவமிருந்தால் ரிஷபத்திலேறி ஓடி வருகிறார். பாகூர் ஏரிக்கரையில் நாற்று நடுகிற பெண்பிள்ளை, நோயில் கிடக்கிற குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கூப்பிட்டால், அப்போது மட்டும் அவளுடைய சுதந்தரத்தைப்பற்றிக் கவலை வந்துவிடுகிறது!

இவ்வளவையும் நாம் வீண் தர்க்கத்துக்காக எழுதவில்லை. கடவுள் நேரே பேசாமல் இருப்பதனால் யாருக்கு லாபம் என்று பாருங்கள். அவர் பேசாத இடத்தில் ஒருவன் வந்து உட்காருகிறான்: குருக்களோ, பூசாரியோ, பாதிரியோ, சாமியாடியோ. கடவுள் நினைத்தது இன்னதென்று அவன் சொல்லுகிறான். யார் உள்ளே வரலாம், யார் வெளியே நிற்கவேண்டும் என்று அவன் சொல்லுகிறான். காணிக்கை எவ்வளவு என்பதையும் அவனே சொல்லுகிறான். 1745ல் புதுவை மாதா கோயிலுக்குள்ளே, பறையர்களையும் ஜாதிக் கிறிஸ்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்தச் சுவர் எதனால் இடிந்தது? வானத்திலிருந்து ஒரு குரல் வந்து இடியவில்லை. ஒதுக்கப்பட்ட ஜனங்கள் திரண்டுபோய்ப் பெரிய பாதிரியாரைக் கேட்டார்கள்; இடிந்தது. சுவர் எழும்பியபோதும் பேசாதிருந்தவர், விழுந்தபோதும் பேசாமலேதான் இருந்தார்.

வில்லியனூர்த் தேருக்குப் பிரெஞ்சுக் கவர்னர் வந்து வடம் தொடுவது அந்நாளைய வழக்கம். இந்நாளில் துணைநிலை ஆளுநர் வந்து தொடுகிறார். கடவுள் இருக்கிறார் என்பதற்குச் சர்க்கார் சாட்சி! கடவுளே அந்தத் தேரை ஒரு சாண் தாமாக நகர்த்திக் காட்டியிருந்தால், கவர்னர் வந்தாலென்ன, வராவிட்டாலென்ன?

அம்பலத்தாடையார் மடத்தாருக்கும் பக்தர்களுக்கும் ஒன்று சொல்லிக்கொள்ளுகிறோம். 1955 முதல் புதுவையிலேயே பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. புதுவையிலுள்ள சைவ ஓலைச்சுவடிகளை உலக நினைவுச் செல்வம் என்று யுனெஸ்கோ 2005ல் ஏற்றிருக்கிறது. ஓலையைப் படித்து, எழுத்தின் உருவத்தைக்கொண்டு நூற்றாண்டு சொல்லத் தெரிந்தவர்கள் நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறார்கள். ஓலைத் துணுக்கின் வயதைச் சொல்லும் கரிமச் சோதனையும் இன்றைக்கு இருக்கிறது. ஓலை பழையது என்று தெரிந்தால் அதனாலேயே அது கடவுள் எழுதியதாகிவிடாது என்பது உண்மையே. ஆனால் நேற்றைய ஓலை என்று தெரிந்தால், கும்பிடுகிறவர்களுக்கு அதை அறிய உரிமையுண்டு. ஆராயட்டும், முன்னமே ஆராய்ந்திருந்தால் முடிவை வெளியிடட்டும். அந்த முடிவு நமக்குப் பாதகமாயிருந்தாலும் இதே பத்திரிகையின் முதற் பக்கத்தில் ஒரு எழுத்தும் விடாமல் அச்சிடுகிறோம். பெட்டியை என்றைக்குத் திறப்பது என்பதை மடத்தாரே சொல்லட்டும்.